உங்களிடம் இருந்த தவலை மூடி

அக்கா,

உங்கள் காரியமெல்லாம் முடிந்து மூன்று நாள் கழித்து என் மகள் சரசு என்னைப் பார்க்க வந்தாள். அழுது அழுது கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய பித்தளை மூடி ஒன்று.

"பெரியம்மா ஊட்டுப் பரண்ல இருந்த பாத்திரத்தையெல்லாம் பங்கு போட்டாங்கம்மா. இதுல உன்ற பேரு வெட்டியிருக்குதுன்னு அண்ணன் எங்கிட்டக் குடுத்துட்டாங்க" என்றாள்.

மூடி கறுத்து, ஓரமெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். பழைய பித்தளையில் புளி படும்போது மூக்கில் ஏறுமே ஒரு வாடை, அது ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்துத் தேய்த்தேன். புள்ளி புள்ளியாக என் பெயர் வெளியே வந்தது. ரா. பாவாயி.

அடிப்பக்கத்தையும் தேய்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

உங்கள் சாவுக்கு வந்தேன். மாலை போட்டேன், சுற்றி வந்து கும்பிட்டேன். அழவில்லை. "ஒரே ஊட்டுல வாக்கப்பட்ட ஓரகத்தி செத்துக் கெடக்கறா, ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டாளா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும். அண்ணனுக்கு நீங்களும் தம்பிக்கு நானும் வாழ்க்கைப்பட்டு, எத்தனையோ வருஷம் உங்களை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரு முறைகூட நீ என்று சொன்னதில்லை. இப்போதும் நீ என்று எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பழக்கம் அவ்வளவுதான்.

இந்த மூடிக்குரிய பித்தளைத் தவலையை, என் கல்யாணச் சீருக்காக, என் அப்பா சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தார். சீர்ப் பாத்திரத்தில் கொடுக்கிறவர் பெயரை வெட்டுவதுதான் வழக்கம். நாளைக்கு இது எங்கள் வீட்டுச் சீர், உங்கள் வீட்டுச் சீர் என்று பேச்சு வந்தால் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. ஆனால் என் அப்பா, "எம் புள்ள அஞ்சாவது படிச்சவ, அவ பேரையே வெட்டுங்க" என்றாராம். கடைக்காரர் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டித் தவலையின் கழுத்தில் ஒன்றும் மூடியில் ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். எங்கள் ஊரில் தன் பெயர் வெட்டிய தவலையோடு கட்டிக்கொடுக்கப்பட்ட முதல் பெண் நான்தான். அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

வந்து இறங்கின வீட்டில் மாமியார் இல்லை. மாமனார், உங்கள் வீட்டுக்காரர், உங்கள் இரண்டு பிள்ளைகள், நீங்கள். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் ஒரு லாரியில் கிளீனர்; ஏறினால் திரும்பி வர பத்து நாளோ இருபது நாளோ. நீங்கள் என்னைவிட நாலு வயசுதான் மூத்தவர். முதல் வாரமே "என்ன அம்மிணி, மூலையில குந்திக்கிட்டு? வா, பேன் பாக்கறேன்" என்று என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அவர் இல்லாத நாட்களில் நாம் இருவரும் ஒரே பாயில் படுத்தோம். சரசு வயிற்றில் இருந்தபோது எனக்காகப் பச்சைப் புளியங்காய் தேடி வாய்க்கால் கரை முழுக்க அலைந்தீர்கள். இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மாமனாருக்குக் குடி. நம் ஜில்லாவில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு மட்டும் அது எங்கிருந்தாவது கிடைத்துவிடும். ஆற்றோரம் எவனோ காய்ச்சியதைக் குடித்துவிட்டு அவருடைய கூட்டாளி ஒருவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்த மனிதரை அவர் மனைவி கைப்பிடித்து நம் வாசல் வழியாகக் கூட்டிப்போனதைப் பார்த்த அன்றுதான் நீங்கள் என்னிடம் விஷயத்தை உடைத்தீர்கள்.

"மாமா குடிக்காம இருக்க மாட்டாரு புள்ள. வெளியில குடிச்சா ஒரு நாளைக்கு அவரையும் இப்படித்தான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வரோணும். நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்போ நானே ரெண்டு தடவ காச்சிக் குடுத்தேன். தனியா முடியறதில்ல. ஒத்தாசைக்கு நீ வாரியா?"

நான் பயந்தேன். பயத்தைவிட, இப்படிப்பட்ட ரகசியத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டீர்களே என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. வாரேனுங்க அக்கா என்றேன்.

முதல் தடவை நான் செய்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருவதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. எருக்குழிக்குள் புதைத்து வைத்திருந்த மொடாப் பானையைத் திறந்து காட்டினீர்கள். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல், பத்து நாளாக உள்ளே நுரைத்துக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்கச் சொன்னீர்கள். உஸ்ஸென்று சத்தம் இருந்தால் இன்னும் ஆகவில்லை. சத்தம் அடங்கினால் உடனே காய்ச்ச வேண்டும், தள்ளிப்போட்டால் புளித்துக் காடியாகிவிடும். நான் காதை வைக்கிறேன் என்று மூக்கை வைத்துவிட்டு அரை நாள் தும்மினேன்.

மாட்டுக்கொட்டாய்க்குள் மூன்று கல் கூட்டி அடுப்பு. அடியில் ஊறல் சட்டி. அதன் வாயில், அடியில் ஓட்டை போட்ட மண்பானை. பானைக்குள்ளே ஒரு கிண்ணம். பானை வாயை மூடினாற்போல் தண்ணீர் ஊற்றிய வட்டச்சட்டி. ஆவி மேலே ஏறி, குளிர்ந்த சட்டியின் அடியில் பட்டுத் தண்ணீராகிக் கிண்ணத்தில் சொட்டும். இடுக்கையெல்லாம் களிமண்ணும் துணியும் வைத்து அப்பினோம். என்னிடம் நீங்கள் விட்ட வேலை ஒன்றே ஒன்று. மேல் சட்டித் தண்ணீர் சுட்டால் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் சரசுக்குப் பால் கொடுத்தபடி கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொதித்து, ஆவி போக வழியில்லாமல் களிமண்ணைப் பிய்த்துக்கொண்டு புஸ்ஸென்று கிளம்பியது. மாடு மிரண்டு கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நீங்கள் மாட்டைப் பிடிப்பதா, அடுப்பு விறகை இழுப்பதா என்று தெரியாமல் என்னைத் திட்டிக்கொண்டே ஓடினீர்கள்.

அன்றைக்குக் கிடைத்ததே ஒரு செம்பு இருக்கும். அதில் முதலில் இறங்கியதை ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் ஊற்றினீர்கள். எதுக்குங்க அக்கா வீணாக்கறீங்க என்றேன். "மொதல்ல எறங்கறது கன்னிமாருக்கு. மனுசர் வாயில படக்கூடாது. எங்கூட்டுல அப்படித்தான்" என்றீர்கள். பிறகு துணித் திரியை மிச்சத்தில் நனைத்துப் பற்றவைத்தீர்கள். நல்ல சரக்கென்றால் நீலமாக எரியும் என்று சொல்லியிருந்தீர்கள். உச்சி வெய்யிலில் நீலம் எங்கே தெரியும்? பற்றவே இல்லையே என்று நான் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். நான் போட்ட சத்தத்துக்கு நீங்கள் பயந்து என் வாயைப் பொத்தினீர்கள். பிறகு பொத்திய கையோடு சிரிக்க ஆரம்பித்தீர்கள். ராகிக் கூழை அள்ளி என் விரலில் அப்பிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆளுக்கொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். இதற்காகவா ஆம்பிளைகள் கண்ணைக்கூடக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தீர்கள்.

மூன்றாவது தடவைக்குள் எனக்குக் கை பழகிவிட்டது. எப்போதும் பகலில்தான் காய்ச்சுவோம். கரும்பு வெட்டும் பருவம். சுற்றிலும் ஆலைக்கொட்டாய்களில் வெல்லம் காய்ச்சுகிற புகையும் வாடையும் ஊரையே மூடியிருக்கும். அதற்குள் நம் புகை ஒன்று எங்கே தனியாகத் தெரியப்போகிறது? இருட்டில் அடுப்பு எரிந்தால்தான் சந்தேகம் என்று நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது நான்தான். அதை ஒளிக்க மாட்டேன்.

அன்றைக்கு அமாவாசை. அமாவாசையன்று நம் பக்கத்தில் மாடு பூட்ட மாட்டார்கள். மாடு பூட்டாவிட்டால் ஆலை ஓடாது, கொப்பரையில் பாகு இல்லை, புகையும் இல்லை. ஊறலோ முதல் நாள் சாயங்காலமே சத்தம் அடங்கிவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம் புள்ள, இன்னைக்குப் புகை தனியாத் தெரியும்" என்றீர்கள். கற்றுக்குட்டிக்கு இருக்கிற அவசரம் எனக்கு. காடியாகிவிடுமே என்று துடித்தேன். மண்சட்டியில் வைத்தால்தானே நேரமாகும், என் பித்தளைத் தவலையில் வைத்தால் சீக்கிரம் சூடேறி, ஊர் மதியக் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிடலாம் என்று நானேதான் சொன்னேன். நானேதான் போய்த் தவலையை எடுத்து வந்தேன். மூடி வேண்டியிருக்கவில்லை; அது அடுப்படியிலேயே இருந்தது.

நீங்கள் தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கழுத்தில் இருந்த புள்ளிகளை விரலால் தடவி, "இது என்ன எழுத்து, படி" என்றீர்கள். படித்தேன். "உன்ற பேரா? அப்போ என்ற பேரு எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள். முந்தின நாள் சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் உங்கள் பெயரை எழுதிக் காட்டினேன். நீங்கள் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம் அதன் பக்கத்திலேயே நீங்களும் அதே மாதிரி ஒரு தடவை, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தீர்கள். "இவ்வளவுதானா நானு?" என்று சிரித்தீர்கள்.

தவலையில் இருந்த ஊறல் பாதி வற்றியிருக்கும். மதுவிலக்குப் போலீஸ் நாலு பேர் வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். மண்பானைகளைத் தடியால் அடித்து உடைத்தார்கள். ஊறல் காலடியில் ஓடியது. சரசு என் இடுப்பில் வீரிட்டு அழுதாள். மாமனார் வாசல் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்காகச் செய்தது. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"யாரும்மா காய்ச்சினது? இது யாருது?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

நீங்கள் முதலில் என் பக்கத்தில் வந்தீர்கள். "புள்ள அழுவுது, இங்க குடு" என்று கையை நீட்டினீர்கள். பிள்ளை அழுகிறதே என்று உதவிக்கு வருகிறீர்கள் என நினைத்துக் கொடுத்தேன். சரசை வாங்கி இடுப்பில் வைத்து, முந்தானையால் அவள் தலையைப் போர்த்தினீர்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. அவளுதுங்க. தவலையில பேரு இருக்குது, படிச்சுப் பாருங்க."

அவர் குனிந்து படித்தார். "பாவாயி யாரு?" என்றார். நான்தானுங்க என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? என் பெயர் எனக்குத்தானே.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம், இவங்களும்தானுங்க என்று. சொல்லியிருந்தால் இருவரையும் கூட்டிப்போயிருப்பார்கள். உங்கள் இரண்டு பிள்ளைகள், என் ஒன்று, மூன்றும் இரண்டு ஆம்பிளைகளின் கையில் நின்றிருக்கும். அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்து, உங்கள் இடுப்பில் இருந்த சரசைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும், அக்கா. அதனால்தான் முதலில் பிள்ளையை வாங்கினீர்கள். இத்தனை வருஷமாக இதை நான் எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்துவிட்டேன். பயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய்தான் தவறும். கை முன்கூட்டியே நீண்டதே, அது எப்படித் தவறும்?

கைக்குழந்தையை உடன் கொண்டுவரலாம் என்றுதான் அந்தப் பெரியவர் சொன்னார். "புள்ளைய ஜெயில்ல வளத்தறதுங்களா? நான் பாத்துக்கறனுங்க" என்று நீங்கள்தான் முந்திக்கொண்டு சொன்னீர்கள். ஊரார் உங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எவ்வளவு நல்ல மனசு என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

ஆறு மாசம். ஜெயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பங்கூழ், கல் பொறுக்குகிற வேலை, சுவரோரம் ஒரு முருங்கை. முதல் வாரம்தான் கஷ்டம். பிள்ளை குடிக்காத பால் கட்டிக்கொண்டு மாரெல்லாம் கல்லாகிவிட்டது. தானாக வடிந்து ரவிக்கை நனையும். பக்கத்தில் இருந்த கிழவி பீய்ச்சி விடச் சொல்லிக்கொடுத்தாள். சுவரோரம் உட்கார்ந்து மண்ணில் பீய்ச்சிவிடுவேன். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் வேப்பமரத்தடியில் ஊற்றிய முதல் டம்ளர் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் உங்களை நினைத்து முதல்முறையாக அழுதேன்.

திரும்பி வந்த அன்று சரசு உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நடக்கக் கற்றிருந்தாள். பேசவும். உங்களை அம்மா என்றாள். நீங்கள் அவளை முன்னால் தள்ளி, "அம்மா வந்திருக்குது பாரு சாமி" என்றீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஜெயிலில் ஆறு மாசம் தாங்கியவளுக்கு அந்த ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் கிணற்றடியில் நான் உங்களை நேராகக் கேட்டேன். ஏனுங்க அக்கா அப்படிச் சொன்னீங்க? நீங்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றீர்கள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க பாவாயி. உனக்கு ஒண்ணுதான" என்றீர்கள். பிள்ளையை எண்ணியா ஜெயிலுக்கு அனுப்புவார்கள்? பிறகு, "சரசு பெரியவளாகட்டும். அவகிட்ட நானே சொல்லீர்றேன். இது சத்தியம்" என்று ஈரக் கையை என் தலையில் வைத்தீர்கள். அதை நம்பினேன். நீங்கள் அதைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. முதல் துரோகத்தைவிட இரண்டாவதுதான் எனக்குப் பெரிசு. முதலாவது போலீஸ் முன்னால் பயத்தில் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதில் யார் உங்களை மிரட்டினார்கள்?

என் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. அவர் டிரைவராகி, ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வருவார், என்னோடு மட்டும் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி, "அண்ணி வேண்டாம் வேண்டாம்னு தடுத்திருக்காங்க, நீ கேக்கல" என்றார். நான் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனேன். அவர் போய்ச் சேரும்வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சரசை எவளோ சாராயக்காரி மகள் என்று சொல்லிவிட்டாள். புத்தகப் பையை வீசிவிட்டு, "உன்னாலதான்" என்று என்னிடம் கத்திவிட்டு உங்களிடம் ஓடினாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. உங்கள் மடியில் படுத்து அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்; நீங்கள் சொல்வீர்கள் என்று வாசற்படியிலேயே காத்துக்கொண்டிருந்தேன். "அம்மாவை அப்படியெல்லாம் பேசக்கூடாது சாமி" என்று மட்டும் சொன்னீர்கள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணின் அம்மா ஏதோ கேஸில் உள்ளே போனதாகக் கேள்விப்பட்டோம் என்று இழுத்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். "அது அறியாத வயசுல பண்ணீருச்சுங்க. நாங்கெல்லாம் அன்னைக்கே மன்னிச்சுட்டோமுங்க. புள்ளைய வளத்தது நானுங்க." அவர்களுக்குத் திருப்தி. கல்யாணம் கூடிவிட்டது. எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள்! காபித் தட்டை எப்படிக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரசுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கச் சேலத்துக்கு நானே போனேன். அதே செவ்வாய்ப்பேட்டை. என்ன பேரும்மா வெட்டணும் என்று கடையில் கேட்டார்கள். பேரே வேண்டாம் என்றேன். உறவுக்காரர்கள் என்ன இது புதுசாக என்று கேலி செய்தார்கள். என் மகள் வீட்டில் இருக்கிற ஒரு டம்ளரில்கூட எழுத்துக் கிடையாது. பேத்தி கல்யாணத்துக்கும் அப்படியே.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு மூன்று தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் சரசு பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்வீர்கள் என்று நினைத்தேன். கடைசித் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரண்ல..." என்றீர்கள். சரசு தண்ணீர் கேட்கிறீர்கள் என்று எண்ணி ஓடினாள். அவள் திரும்பி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இனி அடிப்பக்கம்.

மூடியைப் புரட்டிப் போட்டுத் தேய்த்தபோது உள்பக்கம் நடுவில் ஏதோ கீறல் மாதிரி தட்டுப்பட்டது. மறுபடியும் புளி வைத்துத் தேய்த்தேன். எழுத்து. கடைக்காரர் உளியால் வெட்டுகிற மாதிரி வரிசையாக இல்லை. ஆணியைக் கல்லால் அடித்து அடித்து யாரோ கோணல்மாணலாகக் குத்தியது. ஒரு எழுத்து பெரிசு, ஒன்று சின்னது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் ஏறிவிட்டது. உங்கள் பெயர்.

எப்போது குத்தினீர்கள்? யாரும் இல்லாத மத்தியானம் ஒன்றில் பரணுக்குக் கீழே உட்கார்ந்தா? சாம்பலில் ஒரே ஒரு நாள் பார்த்ததை இத்தனை காலம் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்தீர்களா? போலீஸ் தவலையைக் கொண்டுபோய்விட்டது, மிஞ்சியது மூடி. அந்த மூடியில் என் பெயருக்கு மறுபக்கம் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அது ஒப்புதல் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் யாரும் பார்க்காத பக்கத்தில் போட்டு, துணியில் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் தைரியம் அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொன்னவர், உங்கள் பெயரைப் பித்தளையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சரசு வாசலில் முறத்தோடு உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"பேரு இருக்குது, படிச்சுப் பாரு" என்று மூடியைக் கவிழ்த்துக் கொடுத்தேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பெரியம்மா பேரு" என்றாள். "அவங்களுக்குத்தான் எழுதவே தெரியாதேம்மா? பத்திரத்துக்கெல்லாம் ரேகைதான வெப்பாங்க?"

"ஒரு நாள் நான் எழுதிக் காட்டினேன்."

"என்னைக்கு?"

சொன்னேன். அமாவாசை, ஊறல், சாம்பல், தவலை, போலீஸ், கிணற்றடிச் சத்தியம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தவலையை நானேதான் எடுத்து வந்தேன் என்பதையும் சொன்னேன். நம்ப மாட்டாள், செத்தவர் மேல் பழி போடுகிறாயா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரல் அந்தக் கோணல் எழுத்துகளின் மேலேயே போய்ப் போய் வந்தது. அப்புறம், "அப்போ போலீஸ்கிட்ட நீ ஏம்மா சொல்லாம இருந்தே?" என்று கேட்டாள்.

"நீ அவங்க இடுப்புல இருந்தியே சாமி" என்றேன்.

ஐம்பது வயசு தாண்டிய பெண், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். உங்களுக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள், அது எனக்குத் தெரியும். உங்களை அவள் வெறுக்க மாட்டாள். வளர்த்த கை அது. வெறுக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அவளுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் சொல்லியிருந்தால் அவளுக்கு முப்பது வயசில் தெரிந்திருக்கும், இருபதில் தெரிந்திருக்கும். உதட்டைப் பிதுக்கிய அந்த முகத்தோடு இவ்வளவு காலம் நான் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அக்கா. சேர்ந்து சிரித்ததை மறக்கவும் இல்லை. இரண்டும் இருக்கிறது, ஒன்றை ஒன்று கரைக்க மாட்டேன் என்கிறது. திரி சுட்ட விரலில் இப்போதும் ஒரு சின்ன வடு உண்டு. புளி பட்டபோது எரிந்தது என்று சொன்னால் பொய். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் மூடியைத் தேய்த்து முடித்தேன்.

சரசு ஊருக்குக் கிளம்பும்போது மூடியைப் பையில் வைக்கப் போனாள். இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். என் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அது அளவாகப் பொருந்துகிறது. எல்லோரும் மூடுகிற மாதிரி மூடினால் என் பெயர் மேலே வரும். நான் புரட்டிப் போட்டுத்தான் மூடுகிறேன். வருகிறவர்கள் தண்ணீர் மொள்ளும்போது உங்கள் பெயரைப் படித்துவிட்டு, யாருங்க இது என்று கேட்கிறார்கள்.

இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

பாவாயி